நூற்று ஐம்பத்து மூன்று

அரிசியை மூன்றாம் தடவை களைந்து வடிக்கும்போதுதான் ஆவுடையம்மாளின் காதில் எலிசபெத் டீச்சரின் குரல் கேட்டது. டீச்சர் ஓய்வுபெற்று மகனோடு பெங்களூருக்குப் போய் ஆறு வருடமாகிறது. ஆனாலும் குரல் அப்படியே இருந்தது, தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளைகள் எழுதி முடிக்க ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இடம் விட்டு: வி பை ஐ, ஈக்குவல் டு ஆர், மின்தடை, ஓம். அவள் கை அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டது. ஓம் என்றல்லவா முடிகிறது. நேற்றுச் சாயங்காலம் நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் முதுகில் அவள் எழுதியது வாட். இருநூற்று முப்பதை ஒன்றரையால் வகுத்தாள், நூற்று ஐம்பத்து மூன்று வந்தது, பக்கத்தில் வாட் என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். வி பை ஐ என்றால் வகுத்தல். வகுத்தால் வருவது ஓம். அப்படியானால் வாட் எங்கிருந்து வரும்? உள்ளறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஒரு தட்டல், ஒரு பெருமூச்சு, ஒரு தட்டல், ஒரு பெருமூச்சு. அதிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய் அவள் புருஷன் வேலாயுதத்தின் மூக்கில் போய் முடிகிறது. எட்டு மாதமாக அவர் அந்தக் குழாயோடுதான் இருக்கிறார். இன்றைக்கு ஒன்பது மணிக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் இரண்டு வரை என்று நேற்றே பேப்பரில் போட்டிருந்தார்கள். மெஷின் இப்போது குடித்துக்கொண்டிருப்பது வராந்தா மூலையில் இருக்கும் புது இன்வெர்ட்டரின் பேட்டரியை. எட்டு மணி நேரத்துக்கு மேலேயே தாங்கும், ஒரு பயமும் இல்லை என்று கணக்குப் போட்டுச் சொன்னது அவள்தான். சுவர்க்கடிகாரத்தில் மணி பத்து. அவர் தலைக்கு மேலே ஃபேன் வேறு அதே பேட்டரியில் சுற்றிக்கொண்டிருந்தது.

முதல் காரியமாகப் போய் ஃபேனை நிறுத்தினாள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டதற்கு வேறு சமயமாக இருந்தால் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். வேலாயுதம் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார், இறக்கைகள் தயங்கித் தயங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருப்பதுதான் அவளுக்குப் பயம். போன மாதம்வரை இந்த மாதிரி நாட்களில் மெஷினை வாடகைக்கு விட்ட கடைக்காரர் முதல் நாளே ஒரு சிலிண்டரைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இந்தத் தடவையும் கேட்டார், அக்கா சிலிண்டர் வேணுமா என்று. மகள் கோமதியும் ஓசூரிலிருந்து கேட்டாள், சிலிண்டருக்குச் சொல்லியாச்சா அம்மா என்று. வேண்டாம், இன்வெர்ட்டர் இருக்கு, நான் கணக்குப் போட்டுட்டேன் என்றாள் இவள். போனில் அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. கணக்கு என்ற சொல் அம்மா வாயிலிருந்து வந்தது கோமதிக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கணக்கில் தோற்றுப்போனவள் அம்மா என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு நொடி மௌனம் ஆவுடையம்மாளுக்கு எவ்வளவு இனித்தது. இப்போது அதை நினைத்தால் வாய் கசந்தது. இருபத்து நாலு வருடம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் லேப் அட்டெண்டர். எத்தனை அம்மீட்டர், எத்தனை வோல்ட்மீட்டர், எத்தனை ரியோஸ்டாட்டை மேஜை மேஜையாகப் பரப்பியிருப்பாள். செம்புக் கம்பியின் முனையை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளைகள் கையில் கொடுத்திருப்பாள். வயரை மாற்றிச் செருகிவிட்டால் முள் பின்பக்கம் உதறும். உதறுவதற்கு முன்னாலேயே இவளுக்குத் தெரிந்துவிடும், ஏட்டி சிவப்பை அங்க குத்தாத என்பாள். ஆனால் விடை என்ன என்று அவளை யாரும் கேட்டதில்லை. ஒரே ஒருத்தி கேட்டாள், பிராக்டிகல் பரீட்சையன்று, முகமெல்லாம் வேர்த்து, வெளியூர் எக்ஸாமினர் திரும்பி நின்ற நேரம் பார்த்து. அக்கா, வகுக்கணுமா, பெருக்கணுமா? எனக்கென்னம்மா தெரியும், நான் அட்டெண்டர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். தெரியாததைத் தெரியாது என்றதில் தப்பில்லை. நேற்று மட்டும் எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்?

'பை'யா, 'இன்டூ'வா? வகுப்பதா, பெருக்குவதா? அவள் வராந்தாவில் பேட்டரிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதற்கு ஒன்றும் தெரியாது, தீருகிறவரை பச்சையாகத்தான் எரியும். பேட்டரிக்கு அவள் பெருக்கினாள், அது சரி, ஏனென்றால் மாட்டவந்த அன்றைக்கு இன்வெர்ட்டர் கடை ரோஸ்லின் அப்படித்தான் சொல்லித் தந்தாள்: பன்னிரண்டு வோல்ட், நூற்றைம்பது ஆம்பியர்-ஹவர், ரெண்டையும் பெருக்கினா ஆயிரத்து எண்ணூறு, அதுல முக்காலை மட்டும் கையிருப்புன்னு நெனச்சுக்கோங்க. ஆயிரத்து முன்னூற்றைம்பது. அதை மெஷினின் வாட்டால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று வரும். மெஷினின் வாட் என்ன என்றுதான் நேற்று அதன் முதுகுப்பக்கத் தகட்டைப் பார்த்தாள். 230 வோல்ட், 1.5 ஆம்பியர். அதற்கடுத்து வாட் இருக்கவேண்டிய இடத்தில் வாடகைக் கடைக்காரர் தன் போன் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டிவைத்திருந்தார். சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று தோன்றியது. வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவள் கைக்கு இருபத்து நாலு வருடமாகத் தெரியும், எந்தப் பிள்ளையின் ரெக்கார்டு நோட்டிலும் கடைசிக் கட்டத்தில் அதுதான் இருக்கும், மேலதைக் கீழதால் வகு. கை வகுத்துவிட்டது. மனசு கூடவே போகவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு டீச்சரின் குரலை இன்னும் கொஞ்சம் தூரம் ஓட்டிப்பார்த்தாள், மின்தடைக்கு அடுத்த பாடத்துக்கு, மின்திறனுக்கு, அங்கே டீச்சர் என்ன சொன்னார், வி இன்டூ ஐ என்றாரா, குரல் அங்கே போகமாட்டேன் என்றது, ஓம் ஓம் என்று ஒரே இடத்தில் சுற்றியது. குரலை நம்பி என்ன செய்ய? அவள் கண்ணைத் திறந்தாள். பூஜை மாடத்தில் சின்ன சிவப்பு பல்பு ஒன்று எரியாமல் இருந்தது. ஜீரோ வாட் பல்பு. அது எவ்வளவு இழுக்கும், துளியூண்டு. புள்ளி பூஜ்யம் ஐந்து ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். இருநூற்று முப்பதை அதால் வகுத்தால்? இருபதால் பெருக்குவதற்குச் சமம். நாலாயிரத்து அறுநூறு. இந்தச் சின்ன பல்பு நாலாயிரத்து அறுநூறு வாட் தின்னுமா? தின்றால் வீடு எரிந்துபோகாதா? இஸ்திரிப் பெட்டி நாலு ஆம்பியர் இழுக்கிறது, அதை வகுத்தால் வெறும் ஐம்பத்து ஏழு. அதிகமாக இழுக்கிறது குறைவாகத் தின்னும், குறைவாக இழுக்கிறது அதிகமாகத் தின்னும் என்றால் அது என்ன நியாயம். எது எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு தின்னவேண்டும். அப்படியானால் பெருக்கத்தான் வேண்டும். பெருக்கினால் அந்த பல்பு பதினொன்று, இஸ்திரிப் பெட்டி தொள்ளாயிரத்து இருபது. சரியாக வருகிறது. யாரும் சொல்லித்தராமல் அவளாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். வந்து சேர்ந்ததும் மெஷினுக்கும் அப்படியே போட்டாள், இருநூற்று முப்பதை ஒன்றரையால் பெருக்கினால் முன்னூற்று நாற்பத்தைந்து.

எழுந்துபோய் மெஷினுக்குப் பின்னால் மண்டியிட்டு, விரலில் எச்சிலைத் தொட்டு அந்த ஸ்டிக்கரைச் சுரண்டினாள். மூலை கிளம்பியது, கிழிந்தது, வெள்ளைத் தாள் நகத்துக்குள் போயிற்று. அதற்குக் கீழே 3 என்ற எண் தெரிந்தது, பக்கத்தில் பாதி அழிந்த ஏதோ ஒன்று, 5 ஆகவும் இருக்கலாம். அது போதும். ஒன்றில் ஆரம்பிக்கவில்லை. ஆயிரத்து முன்னூற்றைம்பதில் ஃபேன் ஒரு மணி நேரம் தின்ற எழுபத்தைந்தைக் கழித்து, மீதியை முன்னூற்று நாற்பத்தைந்தால் வகுத்தாள், தாளில்லாமல் மெஷினின் முதுகிலேயே விரலால் எழுதி எழுதி. மூன்று மணி நேரம், அப்புறம் முக்காலுக்குக் கொஞ்சம் குறைய. ஒன்பதிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு நாற்பது. கரண்ட் வருவது இரண்டுக்கு. நடுவில் ஒரு மணி இருபது நிமிஷம். அந்த ஒரு மணி இருபது நிமிஷத்தை அவள் ஒரு பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். வேலாயுதம் மெஷின் இல்லாமல் குளியலறைக்குப் போய்வரும் ஐந்து நிமிஷத்தில் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியின் எண் தொண்ணூற்று இரண்டிலிருந்து எண்பத்து நாலுக்கு இறங்கிவிடும், உதடு நாவல்பழம் தின்றவர் உதடுபோல ஆகிவிடும். அரசு ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உண்டு. ஆனால் இது மாடி வீடு. பதினெட்டுப் படி. நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கவேண்டும், குழாய் இல்லாமல், பகல் வெயிலில். கீழ்வீட்டுக்காரர் முதுகுவலிக்காரர். வாடகைக் கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் தென்காசிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார், திரும்ப மூன்று மணி ஆகுமாம், நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா என்றார், கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் சுட்டது.

"மெஷினுக்குப் பின்னால என்னத்தப் போட்டு நோண்டுத?" என்றார் வேலாயுதம்.

தூசி என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையையா சொன்னோம் என்று இருந்தது. நூல் மில்லில் இருபத்தேழு வருடம் பஞ்சு பறக்கிற செக்ஷனில் நின்றவர். டாக்டர் தூசி என்றார், இவர் இல்லை பீடிதான் என்றார், என்னமோ தான் செய்த தப்பாக இருந்தால் தேவலாம் என்பதுபோல. இப்போது அவர் சிரிக்கப்பார்த்தார், அது இருமலில் போய் முடிந்தது, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடி நின்றாள். இருமல் அடங்கியதும் அவர் மேலே ஃபேனைப் பார்த்தார், அவள் நகத்திலிருந்த வெள்ளைத் தாளைப் பார்த்தார்.

"கணக்கு உதைக்குதா, ஆவுடை?"

அவள் நகத்துக்குள் இருந்த தாளைப் பிடுங்கி எடுத்தாள்.

"ஒரு அரை மணி நேரம் ஆஃப் பண்ணி வையி. சும்மா படுத்துத்தான கெடக்கேன். கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்லா."

"மிச்சம் பிடிக்க இது என்ன எண்ணெயா? பேசாமப் படுங்க."

குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. வராந்தாவுக்கு வந்து ரோஸ்லினுக்குப் போன் போட்டாள். ரோஸ்லினின் புருஷன் குவைத்தில் இருக்கிறார், கடையை நடத்துவது, வயர் இழுப்பது, பேட்டரி தூக்குவது எல்லாம் ரோஸ்லின்தான். ஆவுடையம்மாள் முதலில் எதையோ சுற்றிவளைத்துச் சொல்லப்பார்த்தாள், பிறகு நேராகச் சொல்லிவிட்டாள்: ரோஸ்லின், நான் பெருக்கவேண்டிய இடத்துல வகுத்துட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பதறாதீங்கக்கா என்றாள் ரோஸ்லின். தகட்டில் போட்டிருப்பது உச்சக்கட்டம், அதற்குமேல் போகாது என்பதற்காகப் போடுவது, நிதானமாக ஓடும்போது மெஷின் அவ்வளவு இழுக்காது, ஆனால் எவ்வளவு இழுக்கிறது என்பதை அளந்துபார்த்தால்தான் சொல்லமுடியும், நான் மீட்டரை எடுத்துக்கொண்டு இருபது நிமிஷத்தில் வருகிறேன், கரண்ட் இல்லாமல் கடையில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். போனை வைத்த பிறகு ஆவுடையம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். இருபது நிமிஷம். இருபது நிமிஷத்தில் எத்தனை வாட் போகும் என்று மனசு ஓடியது, முன்னூற்று நாற்பத்தைந்தில் மூன்றில் ஒரு பங்கு, நூற்றுப் பதினைந்து, நிறுத்து, வேண்டாம் என்றாள், நிற்கவில்லை, உள்ளே ஒவ்வொரு தட்டலும் பேட்டரியிலிருந்து ஒரு கரண்டி அள்ளுவதுபோல் கேட்டது. கோமதிக்குச் சொல்லலாமா? சொன்னால் ஓசூரிலிருந்து அவள் என்ன செய்வாள், அழுவாள். எதிர் வீட்டு மாடியில் ஒரு பெண் சேலையை உதறிக் கொடியில் போட்டாள். இவ்வளவு சாதாரணமாக ஒருத்தி சேலை உலர்த்துகிறாள் என்று தோன்றியது. வெயில் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது, பதினெட்டையும் அவள் எண்ணினாள், நாற்காலி திரும்புவதற்கு எட்டாவது படியில் இடம் போதுமா, போதாது.

பதினொன்றே காலுக்கு ரோஸ்லினின் மொபெட் சத்தம் கேட்டது. தோளில் பையோடு இரண்டிரண்டு படியாக ஏறிவந்தாள், வேலாயுதத்தைப் பார்த்து அண்ணாச்சி எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து நண்டுக் கொடுக்குபோல வாய் பிளக்கும் ஒரு மீட்டரையும் ஒரு முழ நீளத்தில் ஒரு வயரையும் எடுத்தாள். வயரின் மேல்தோலை உரித்து உள்ளே இருக்கும் மூன்று இழைகளையும் தனித்தனியாகப் பிரித்துவைத்திருந்தாள். மொத்த வயரையும் சேர்த்துக் கவ்வினால் மீட்டர் பூஜ்யம் காட்டும், போகிறதும் வருகிறதும் ஒன்றையொன்று கழித்துவிடும், ஒற்றை இழையை மட்டும் கவ்வவேண்டும் என்றாள். அதற்கு இந்த வயரை நடுவில் செருகியாகவேண்டும். அதற்கு மெஷினை ஒரு நிமிஷம் நிறுத்தவேண்டும். ஆவுடையம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார், ஒரு நிமிஷந்தானே என்பதுபோல. ரோஸ்லின் சுவிட்சை அமர்த்தினாள். எட்டு மாதமாக வீட்டில் இருந்த சத்தம் நின்றதும் வேறு எல்லாம் கேட்டது, காக்கை, கீழ்வீட்டு அம்மி, தெருக்குழாயில் குடம் வைக்கும் சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவில் வேலாயுதத்தின் மூச்சு, பழைய கதவு ஒன்றை யாரோ தள்ளித் தள்ளிப் பார்ப்பதுபோல. கல்யாணமான புதிதில் இரவுகளில் அவர் மூச்சு அவளுக்குக் கேட்டதே இல்லை. கேட்காத மூச்சுதான் நல்ல மூச்சு. அவள் மனசுக்குள் எண்ணினாள், பத்து, இருபது, ரோஸ்லினின் விரல்கள் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகின்றன, மெதுவாகப் போகவில்லை, முப்பத்தெட்டு, செருகியாயிற்று. சுவிட்ச் விழுந்தது. மெஷின் கீச்சென்று ஒரு முறை கத்தி, உறுமி, பிறகு பழைய தாளத்துக்கு வந்தது. மீட்டரின் வாய் ஒற்றை இழையைக் கவ்வியிருந்தது. எண்கள் ஓடின. முதலில் மூன்றுக்குமேல் காட்டியது, கிளம்பும்போது அப்படித்தான் இழுக்கும் பாருங்க என்றாள் ரோஸ்லின். இரண்டு. ஒன்று புள்ளி ஏழு. ஒன்று புள்ளி நாலில் வந்து நின்றுவிட்டது. அங்கேயே இருந்தது. ஆவுடையம்மாள் அந்த நாலையே பார்த்துக்கொண்டிருந்தாள், லேபில் எத்தனையோ முட்களை ஒரு ஆர்வமும் இல்லாமல் பார்த்தவள், இப்போது ஒரு எண்ணைப் பார்த்து இறங்கு, இறங்கு என்று உதட்டை அசைத்தாள். ஒன்று புள்ளி மூன்று. ஒன்று புள்ளி ஒன்று. ஒன்று புள்ளி ஒன்று. அதற்குமேல் அது ஆடவில்லை. ரோஸ்லின் இன்னொரு பக்கம் வோல்ட் பார்த்தாள், இருநூற்றுப் பதினெட்டு.

"பெருக்குங்கக்கா," என்றாள் ரோஸ்லின்.

அவளே போட்டுச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று ஆவுடையம்மாளுக்கு அப்போது தோன்றவில்லை. நாட்காட்டித் தாளைத் திருப்பி, நேற்றைய நூற்று ஐம்பத்து மூன்றுக்குக் கீழே எழுதினாள். இருநூற்றுப் பதினெட்டு, அதில் பத்தில் ஒரு பங்கு இருபத்தொன்று புள்ளி எட்டு, கூட்டினால் இருநூற்று முப்பத்தொன்பது புள்ளி எட்டு. இருநூற்று நாற்பது என்று வைப்போம். ரோஸ்லின் தலையசைத்தாள். மோட்டார் இருக்கிற மெஷினில் இப்படிப் பெருக்கினால் வருவது நிஜத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், குறையாது, அதனால் பயமில்லாமல் இதையே வைத்துக்கொள்ளலாம் என்றாள். ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்தை இருநூற்று நாற்பதால் வகுத்தாள், ஐந்து தடவை போயிற்று, மீதி எழுபத்தைந்து, அது பதினெட்டு நிமிஷம். ஒன்பதும் ஐந்தும் பதினாலு. இரண்டு பதினெட்டு. அவள் பென்சிலை வைக்கவில்லை. திரும்ப ஒரு தடவை போட்டாள். இரண்டு பதினெட்டு. சும்மா இருக்கமாட்டாமல் வகுத்தும் பார்த்தாள், இருநூற்றுப் பதினெட்டை ஒன்று புள்ளி ஒன்றால், நூற்றுத் தொண்ணூற்றெட்டு வந்தது, பக்கத்தில் ஓம் என்று எழுதினாள். இரண்டும் ஒரே தாளில் அதனதன் பெயரோடு இருந்தன. ரோஸ்லின் கிளம்பும்போது படியில் நின்று, கடையில் சார்ஜ் ஏற்றிய பேட்டரி இன்னொன்று இருக்கிறது, ஒன்றரை வரைக்கும் கரண்ட் வரும் அறிகுறி இல்லையென்றால் ஒரு போன் போடுங்கள், கொண்டுவந்து மாற்றிவிடுகிறேன் என்றாள். மோர் குடித்துவிட்டுப் போ என்று சொல்லக்கூட ஆவுடையம்மாளுக்குத் தோன்றவில்லை. மொபெட் போன பிறகுதான் நினைப்பு வந்தது.

நிம்மதி உடனே வந்துவிடவில்லை. அடுப்பைப் பற்றவைத்து உலையை ஏற்றும்போது தீக்குச்சி இரண்டு உடைந்தது. ஊறிக் கிடந்த அரிசி குழையத்தான் போகிறது, குழையட்டும், அவருக்கு விழுங்க எளிது. பதினெட்டு நிமிஷம் ஒரு சேமிப்பா என்றது மனசு. முக்கால் என்று ரோஸ்லின் சொன்னது முக்கால்தானா, புது பேட்டரி என்றால் முக்காலுக்குமேல் இருக்கும், வெயிலுக்குக் குறையுமா, குறைந்தாலும் ரோஸ்லினிடம் இன்னொன்று இருக்கிறது, இருக்கிறது அல்லவா, அவளே சொன்னாள். பழைய பயம் வழக்கமான இடங்களுக்கெல்லாம் போய்த் தட்டிப்பார்த்தது, ஒவ்வொரு கதவும் சாத்தியிருந்தது. கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தபோது அவள் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை நாளாயிற்று இப்படிச் சும்மா நின்று. தப்புப் பண்ணினேன், பண்ணினதைக் கண்டுபிடித்ததும் நான்தானே என்ற எண்ணம் மெதுவாக, யாரோ பக்கத்தில் வந்து உட்கார்வதுபோல வந்தது. டீச்சர் குரல் பாதிவழியில் விட்டுவிட்டுப் போனது, சின்ன சிவப்பு பல்பை வைத்து மீதி வழி நான் நடந்தேன். அப்போதுதான் பசி தெரிந்தது. காலையிலிருந்து ஒரு வாய் காப்பிக்குமேல் உள்ளே போகவில்லை. குழைந்த சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து வேலாயுதத்துக்கு ஸ்பூனில் கொடுத்தாள், நடுவில் தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டாள், அவர் அதைக் கவனித்துச் சிரித்தார். அப்போது அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், வகுத்ததை, ஸ்டிக்கரைச் சுரண்டியதை, படியை எண்ணியதை. அவர் மெல்ல மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். மில்லில் ஒரு தடவை ஷிப்டு மாறினது தெரியாமல் நானும் வந்து கேட்டில் நின்றிருக்கேன், தப்பு எல்லாருக்கும்தான் வரும் என்றார். அந்தக் கதையை அவர் இதற்குமுன் சொன்னதே இல்லை. பன்னிரண்டு நாற்பது வந்தது. அவள் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தாள். தட்டல், பெருமூச்சு, தட்டல், பெருமூச்சு. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. பச்சை விளக்கு எரிந்தது. பயந்து வைத்திருந்த நேரம் சாதாரணமாக வந்து சாதாரணமாகப் போயிற்று. அதற்குப்பிறகு ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்கு இனாமாக வந்ததுபோல இருந்தது. தரை குளிர்ச்சியாக இருந்தது. சேலைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தாள், தூங்கவில்லை, கண்ணை மூடியபடி இரண்டு பதினெட்டை நோக்கி ஒரு நல்ல சாலையில் போவதுபோல மெஷினின் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தாள்.

ஒன்று முப்பத்தைந்துக்கு ஃபிரிட்ஜ் உடம்பை உலுக்கிக்கொண்டு கிளம்பியது. கீழ்வீட்டில் டிவி திடீரென்று உரக்கப் பேசியது, எங்கேயோ ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது, தெருவே ஒரு பெரிய ஓ போட்டதுபோல இருந்தது. ஆவுடையம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். கரண்ட் வந்துவிட்டது. இருபத்தைந்து நிமிஷம் முன்னாலேயே. கையைக் கூப்பவேண்டும் என்று தோன்றியது, கூப்பினாள். ஆனால் மனசுக்குள் இன்னொன்றும் இருந்தது, வெளியே சொல்ல வெட்கமான ஒரு சின்ன ஏமாற்றம். வராந்தாவுக்குப் போய் இன்வெர்ட்டரைப் பார்த்தாள். சார்ஜ் ஏறும் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. இனி அது சொல்லப்போவதில்லை. இரண்டு பதினெட்டுக்கு நின்றிருக்குமா, இரண்டரை வரை போயிருக்குமா, அவள் போட்ட கணக்கு சரிதானா என்று தெரிந்துகொள்ள இனி வழியே இல்லை.

"இன்னும் நாப்பத்து மூணு நிமிஷம் ஓடியிருக்கும்," என்றாள் உள்ளே வந்து.

வேலாயுதம் அவள் முகத்தைப் பார்த்தார். "ஓட்டிப் பாக்கணும்னு இருக்கா ஒனக்கு?"

"லேசா," என்றாள் அவள்.

"அடுத்த மாசமும் கட் வரும்லா. அப்ப முழுசா ஓட்டிப் பாப்போம். ரோஸ்லினையும் வரச் சொல்லு."

எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து அடுத்த மாதம் என்ற வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, வாயோரத்தில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்துபோய் ஃபேனைப் போட்டாள், சிரித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாமல் அங்கேயே, சுவிட்சைத் தொட்டபடி, சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.